ரூட் முகவரியைக் கையால் இரண்டாவது முறை எழுதாதீர்கள்

ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் கூப்பிடும் வழிதான் ஏபிஐ; அதில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள வாசல் ரூட். அந்த ரூட்டின் முகவரி கோடில் ஓரிடத்தில் இருந்தால் போதும். ஆவணத்தில் அதை யாரும் மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது. கோடிலிருந்து அதுவாக வந்து உட்கார வேண்டும். பெங்களூரில் பேக்எண்ட் வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நான் பார்த்த ஏபிஐ குழப்பங்களில் நிறைய, முகவரியை இரண்டு இடத்தில் வைத்ததால் வந்தவை. அதனால்தான் கோடுக்குள் எழுதும் குறிப்பான கமென்ட்டிலிருந்து ஆவணம் உருவாக்குவது பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது நான் இருக்கும் கம்பெனி எச்எஸ்ஆர் லேஅவுட்டில். வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்த சாம்பிள் எடுக்கும் லேப்களுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். புக்கிங், யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எந்த டியூப் யாருடையது, ரிப்போர்ட் ரெடியா இல்லையா, எல்லாமே ஏபிஐ வழியாகத்தான். கிளினிக்குகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் சிஸ்டத்திலிருந்து நேராக எங்கள் ரூட்டுகளைக் கூப்பிடுகின்றன. கோவையிலோ சேலத்திலோ உட்கார்ந்து அந்த இணைப்பு வேலையைச் செய்யும் டெவலப்பருக்கு எங்கள் கோட் கண்ணில் படாது. நாங்கள் கொடுக்கும் ஆவணப் பக்கம்தான் அவருக்கு எல்லாம். அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் அவருக்கு அரை நாள் வேலை போகும். எங்கள் தரப்பில், காலை ஆறரை மணிக்குச் சாம்பிள் எடுக்கக் கிளம்பிய பையன் ரத்து செய்யப்பட்ட வீட்டின் வாசலில் பெட்டியோடு நிற்பான்.

முன்பு வேறொரு இடத்தில் இருந்தேன். அங்கே ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ், ஆவணத்துக்கு ஏபிஐடாக் என்ற கருவி. பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: ரூட்டின் வேலையைச் செய்யும் ஃபங்ஷனான ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் மேலே ஒரு கமென்ட் பிளாக் எழுத வேண்டும். அதில் ஏபிஐ என்ற குறிச்சொல், அடைப்புக்குறிக்குள் கெட் (எடு) அல்லது போஸ்ட் (அனுப்பு) என்ற மெத்தட், பக்கத்தில் முகவரி, கீழே ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு வரி. கமாண்ட் கொடுத்தால் அழகான எச்டிஎம்எல் பக்கம் வரும். முதல் முறை பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் அந்தக் கருவி படிப்பது கமென்ட்டின் எழுத்தை மட்டும். வரும் அழைப்பை உரிய ஹேண்ட்லருக்கு அனுப்பியபடி உள்ளே ஓடும் ரவுட்டரை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எக்ஸ்பிரஸில் ரவுட்டர் ஒரு ஃபைலில் இருக்கும்; அதற்கு முன்னால் ஒட்டும் வி1, வி2 போன்ற முன்னொட்டு வேறொரு ஃபைலில், ஆப் டாட் யூஸ் வரியில் இருக்கும். அங்கே ஒரு நாள் முன்னொட்டை வி2 ஆக்கினார்கள். மாறியது ஒரே வரி. கமென்ட்டுகள் அத்தனையும் வி1 என்றே நின்றன. ஆவணம் பில்ட் ஆனது, பச்சை டிக் வந்தது, பக்கம் முழுக்கப் பழைய முகவரி. மடிவாளாவில் நிற்கும் பஸ்ஸில் சேலம் போர்டை மாட்டிவிட்டு வண்டியைத் திருப்பதிக்கு ஓட்டுவது மாதிரி. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் தப்பைக் காட்டிக்கொடுக்கும் பொறுப்பை அந்த ஏற்பாட்டில் யாருக்குமே கொடுக்கவில்லை.

ஸ்வாகர்-ஜேஎஸ்டாக் என்ற இன்னொரு கருவி பற்றியும் எனக்கு இதே கருத்துதான். அதில் கமென்ட்டுக்குள் யாமல் எழுத வேண்டும். ஒரு இடைவெளி தள்ளிப் போனால் அர்த்தமே மாறும் மொழி யாமல். அதை நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, கமென்ட்டின் சாம்பல் நிறத்தில் எழுதுவது கண்ணுக்கே தண்டனை. முகவரியும் அதற்குள் மறுபடி கையால்.

பைத்தானில் நிலைமை வேறு. ஃபங்ஷனின் முதல் வரியாக ஒரு ஸ்ட்ரிங் எழுதினால் அது டாக்ஸ்ட்ரிங். ஹாஷ் போட்டு எழுதும் கமென்ட்டை இன்டர்ப்ரெட்டர் தூக்கிப் போட்டுவிடும்; டாக்ஸ்ட்ரிங்கை அந்த ஃபங்ஷனோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். லிஸ்ப் என்ற பழைய மொழியின் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. பைத்தானில் டாக்ஸ்ட்ரிங் எப்படி எழுத வேண்டும் என்பதை 2001இல் வந்த பெப் 257 என்ற வழிகாட்டி சொல்கிறது: முதல் வரியில் சுருக்கம், ஒரு வெற்று வரி, அப்புறம் விவரம். ப்ரோகிராம் ஓடும்போதே ஒரு ஃபங்ஷனைப் பார்த்து 'நீ என்ன செய்வாய்' என்று கேட்க முடிகிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

ரூட் பக்கமும் அப்படியே. பைத்தானில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஃபிளாஸ்க்கில், ஆப் எழுந்ததும் அதற்குள் யூஆர்எல் மேப் என்று ஒன்று இருக்கும். எந்த முகவரி, எந்த மெத்தட், எந்த ஃபங்ஷன் என்ற முழுப் பட்டியல். ரூட்டுகளைக் கூட்டாக வைக்கும் புளூபிரின்ட்டின் முன்னொட்டு வேறு ஃபைலில் இருந்தாலும் பரவாயில்லை, மேப்பில் அது ஒட்டப்பட்டு முழு முகவரியாகவே இருக்கும். டெர்மினலில் 'ஃபிளாஸ்க் ரூட்ஸ்' என்று அடித்துப் பாருங்கள், அதுதான். ஆக முகவரியும் மெத்தடும் மேப்பிலிருந்து, விளக்கம் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து. இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்க ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கருவி ஸ்பிங்ஸ். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக கேயார்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்டது. அதற்கு எச்டிடிபிடொமைன் என்ற நீட்சி இருக்கிறது, அதற்குள் ஆட்டோஃபிளாஸ்க் என்ற டைரக்டிவ் (கட்டளை). ஆவண ஃபைலில் ஆட்டோஃபிளாஸ்க் என்று எழுதி, எந்த மாட்யூலில் எந்த ஆப் என்று சொன்னால் போதும். அது ஆப்பை இம்போர்ட் செய்து, மேப்பைத் திறந்து, ஒவ்வொரு ரூட்டின் டாக்ஸ்ட்ரிங்கையும் எடுத்து அடுக்கிவிடும். எல்லா ரூட்டுகளுக்கும் சேர்த்து ஒரு அட்டவணைப் பக்கமும் தானாக வரும். எங்கள் சப்போர்ட் ஆட்கள் அதிகம் திறப்பது அந்த அட்டவணையைத்தான்.

இறங்கிச் செய்பவர்களுக்குச் சில விஷயங்கள் காலில் இடறும்.

ஆட்டோஃபிளாஸ்க் ஆப்பை நிஜமாகவே இம்போர்ட் செய்கிறது. இம்போர்ட் ஆகும்போதே டேட்டாபேஸைத் தேடும் கோடாக இருந்தால், ஆவணம் பில்ட் ஆகும் மெஷினில் விழுந்துவிடும். ஆப்பைக் கட்டித் தரும் ஃபங்ஷன் ஒன்று தனியாக இருந்தால் நல்லது. ஆவணத்துக்கென்று அதைக் கூப்பிடும் ஒரு சின்ன ஃபைல் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாடிக் ஃபைல்களுக்கு ஃபிளாஸ்க் தானாகச் சேர்க்கும் ரூட்டும் பட்டியலில் வரும். அதை மறைக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம்: டாக்ஸ்ட்ரிங் இல்லாத ரூட்டை ஆட்டோஃபிளாஸ்க் இயல்பாகவே விட்டுவிடும். எர்ரர் வராது, பக்கத்தில் இருக்காது. வேண்டுமானால் வெறுமையானவற்றையும் சேர்க்கச் சொல்லும் ஆப்ஷன் போடலாம்.

டெக்கரேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கும். ஒரு ஃபங்ஷனைச் சுற்றி இன்னொன்றை மாட்டுவதுதான் டெக்கரேட்டர். லாகின் டோக்கன் சரியா என்று பார்க்கும் டெக்கரேட்டர் எல்லோரிடமும் இருக்கும். அதற்குள் ஒரு உள் ஃபங்ஷன் எழுதி அதைத் திருப்பித் தருகிறோம். அசல் ஃபங்ஷனின் பெயரையும் டாக்ஸ்ட்ரிங்கையும் அதற்குக் கொடுக்கும் ரேப்ஸை (பைத்தானின் ஃபங்டூல்ஸில் இருப்பது) அதன் தலையில் வைக்காவிட்டால், ஃபிளாஸ்க்கின் கைக்குப் போவது உங்கள் ஃபங்ஷன் இல்லை, உங்கள் ஃபங்ஷனின் பெயரும் டாக்ஸ்ட்ரிங்கும் இல்லாத, எப்போதும் தன் பெயரையே சுமக்கும் அந்த உள் ஃபங்ஷன். இரண்டாவது ரூட்டிலும் அதே டெக்கரேட்டரைப் போட்டதும் இரண்டுக்கும் ஒரே எண்ட்பாயிண்ட் பெயர் (ரூட்டுக்கு ஃபிளாஸ்க் வைக்கும் உள் பெயர்) வந்து ஃபிளாஸ்க் சண்டைக்கு வரும். அது நல்லதுதான், அங்கேயே பிடித்துவிடலாம். சிக்கல் எங்கே என்றால், அந்த எர்ரரைப் பார்த்த யாரோ ஒருவர் ஒவ்வொரு ரூட்டுக்கும் எண்ட்பாயிண்ட் பெயரைக் கையால் கொடுத்து வாயை அடைத்திருப்பார். அப்புறம் எர்ரர் இல்லை, டாக்ஸ்ட்ரிங்கும் இல்லை. லாகின் தேவைப்படும் ரூட்டுகள் மட்டும் ஆவணத்தில் ஏன் காணோம் என்று தேடினால் பதில் இங்கேதான் கிடைக்கும்.

சரி, கருவி இவ்வளவு செய்கிறது. டாக்ஸ்ட்ரிங்கில் நாம் என்ன எழுதுவது?

எங்கள் டீமில் திண்டிவனத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். புக்கிங் ரத்து ரூட்டை அவனிடம் கொடுத்திருந்தேன். டாக்ஸ்ட்ரிங்கில் ஒரே வரி: புக்கிங்கை ரத்து செய்யும். ஃபங்ஷன் பெயரும் அதேதான், முகவரியும் 'கேன்சல்' என்றுதான் முடிகிறது. மூன்றாவது முறையாக அதையே சொல்லி யாருக்கு என்ன லாபம்?

சாயங்காலம் இருபத்தேழாவது மெயின் ரோட்டில் இருக்கும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனோம். "தம்பி, நான் கோயம்புத்தூர் கிளினிக்ல இருக்கிற டெவலப்பர்னு வச்சுக்கோ. கேன்சல் பண்ணா என்ன ஆகும்? வாயால சொல்லு" என்றேன்.

"ஆள் கிளம்பலன்னா கேன்சல் ஆயிடும் அக்கா. கிளம்பிட்டார்னா 409 வரும், அதாவது முடியாதுங்கிற ஸ்டேட்டஸ் கோட்."

"வந்தா நான் என்ன பண்ணணும்?"

"திரும்பக் கூப்பிட்டாலும் அதேதான் வரும். லேப் கோஆர்டினேட்டருக்குப் போன் பண்ணாத்தான் உண்டு."

"நெட் போயிடுச்சு, பதிலே வரல. ரெண்டாவது தடவை கூப்பிடலாமா?"

"தாராளமா. ஏற்கெனவே ரத்தாகியிருந்தா மறுபடி 200தான், அதாவது சரிங்கிற பதில்தான் கொடுப்போம்."

"பணம்?"

"அது இந்த ரூட் இல்லக்கா. ரீஃபண்ட் தனியா. கேன்சல் பண்ணா தானா பணம் திரும்பிடும்னு நெனச்சு நெறைய பேர் சப்போர்ட்டுக்கு எழுதுறாங்க."

"இப்ப சொன்னியே, அதான்டா டாக்ஸ்ட்ரிங்" என்றேன். ஆபீஸ் திரும்பியதும் அதை அப்படியே எழுதினான். முதல் வரி சுருக்கம். அடுத்த பத்தியில், ஆள் கிளம்பும் முன் மட்டும் ரத்து ஆகும், பணம் இந்த ரூட்டால் திரும்பாது, அதற்கு ரீஃபண்ட் ரூட்டைப் பார்க்கவும் என்று இணைப்போடு. அப்புறம் எச்டிடிபிடொமைன் தரும் ஃபீல்டுகள்: புக்கிங் ஐடிக்கு ஒரு பாராம் வரி, ரத்துக்கான காரணத்துக்கு ஒரு ஜேசன் (தகவல் அனுப்பும் வடிவம்) வரி, கடைசியில் ஸ்டேட்டஸ் கோட் வரிகள். 409க்கு எதிரே 'ஆள் கிளம்பிவிட்டார். மறுபடி முயலாமல் லேபை அழைக்கவும்' என்று. அந்த ஒரு வரி வந்த பிறகு இந்த ரூட் பற்றி எங்களுக்கு வந்துகொண்டிருந்த மெயில்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன.

அந்த டாக்ஸ்ட்ரிங்கில் முகவரி எங்கேயும் இல்லை, போஸ்ட் என்ற சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெஷினுக்குத் தெரிந்ததை மெஷின் சொல்லிக்கொள்ளும். ஆள் கிளம்பிய பிறகு ஏன் ரத்து செய்ய முடியாது என்பது மெஷினுக்குத் தெரியாது. அதை எழுதத்தான் நாம் இருக்கிறோம். ரிவ்யூவில் என் கண் போவது இந்த எல்லைக்கோட்டில்தான். ஃபங்ஷன் பெயரிலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடிய வரி டாக்ஸ்ட்ரிங்கில் இருந்தால் எடுக்கச் சொல்வேன். ஒரு பார்ட்னர் போனில் கேட்ட கேள்விக்கான பதில் அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்வேன்.

எழுதுவதற்கு முன் வாயால் சொல்ல வைப்பதை இப்போது எல்லோரிடமும் செய்கிறேன். எங்கள் மேஜையில் கன்னடம், மலையாளம், இந்தி, தமிழ் எல்லாம் உண்டு. அவரவர் மொழியில் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிவிட்டு எழுதினால், ஆங்கில வாக்கியம் தானாகவே சின்னதாக, நேராக வருகிறது.

ஆனால் நன்றாக எழுதிய டாக்ஸ்ட்ரிங்கும் ஆறு மாதத்தில் பழசாகும். அதற்குத்தான் டெஸ்ட். எங்களிடம் உள்ள முதல் டெஸ்ட் ரொம்பச் சின்னது. யூஆர்எல் மேப்பில் இருக்கும் விதிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது, ஸ்டாடிக்கை விட்டுவிடுகிறது, அந்த எண்ட்பாயிண்டின் ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு முகவரியில் எத்தனை மாறிகள் உண்டோ, ஒவ்வொன்றுக்கும் டாக்ஸ்ட்ரிங்கில் பாராம் வரி இருக்கிறதா என்று பார்க்கிறது. விதியிடமே அதன் மாறிகளின் பெயர்களைக் கேட்கலாம், ஆர்க்யுமென்ட்ஸ் என்று வைத்திருக்கும். புக்கிங் ஐடியை ஆர்டர் ஐடி என்று ஒருவர் மாற்றினால், டாக்ஸ்ட்ரிங்கைத் தொடாமல் மெர்ஜ் செய்ய (பொதுக் கோடில் சேர்க்க) முடியாது. டெக்கரேட்டர் கோளாறையும் இதே டெஸ்ட் பிடித்துவிடும்.

இரண்டாவதுதான் எனக்குச் செல்லம். டெஸ்ட்டுகள் ஓடும்போது மட்டும் ஆப்பில் ஒரு ஆஃப்டர்-ரிக்வெஸ்ட் ஹூக் போடுகிறோம். ஒவ்வொரு பதிலும் வெளியே போகும்போது, எந்த எண்ட்பாயிண்ட், என்ன ஸ்டேட்டஸ் கோட் என்று அது குறித்துக்கொள்ளும். எல்லா டெஸ்ட்டும் முடிந்ததும் அந்தக் குறிப்பையும் டாக்ஸ்ட்ரிங்கில் இருக்கும் ஸ்டேட்டஸ் கோட் வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ப்ரோகிராம் 422 (அனுப்பிய விவரம் சரியில்லை) கொடுத்திருக்கிறது, ஆவணத்தில் 422 பற்றிப் பேச்சே இல்லை என்றால் பில்ட் நிற்கும். ஆவணத்தில் இருக்கிறது, எந்த டெஸ்ட்டிலும் வரவில்லை என்றால் எச்சரிக்கை மட்டும். ஆவணம் தப்பாகவும் இருக்கலாம், டெஸ்ட் போதாமலும் இருக்கலாம், ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது. லாகின் இல்லை, அனுமதி இல்லை என்று சொல்லும் 401, 403 போல டெக்கரேட்டரிலிருந்து எல்லா ரூட்டுக்கும் வருபவற்றை ஒரு பொதுப் பட்டியலில் போட்டு விலக்கியிருக்கிறோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு டாக்ஸ்ட்ரிங்கும் அனுமார் வால் ஆகிவிடும். எந்த ரூட்டிலும் பொருந்தாத முகவரிக்கு எண்ட்பாயிண்ட் பெயரே இருக்காது, அதையும் விட்டுவிடுங்கள். டெஸ்ட்டுகளைப் பல ப்ராசஸில் பிரித்து ஓட்டுபவர்கள் குறிப்பை ஃபைலில் எழுதிக் கடைசியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஸ்பிங்ஸ் பில்டில் மைனஸ் டபிள்யூவும் போட்டிருக்கிறோம். எச்சரிக்கைகளை அது எர்ரராக்கிவிடும். உடைந்த இணைப்போடு ஒரு ஆவணம் வெளியே போக வேண்டாம் என்பதற்காக.

புதிய சர்வீஸ்களுக்கு, ஃபிளாஸ்க் போலவே பைத்தானில் இருக்கும் ஃபாஸ்ட்ஏபிஐக்குப் போகலாமே என்று கேட்பார்கள். நாங்களும் போயிருக்கிறோம். 2018 கடைசியில் செபாஸ்தியான் ரமீரெஸ் வெளியிட்டது. எது என்ன வகை என்று கோடில் குறிக்கும் டைப் ஹின்ட்டுகளைப் பார்த்தே ஓபன்ஏபிஐ விவரத்தை எழுதிக்கொள்கிறது. ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓபன்ஏபிஐ என்பது பழைய ஸ்வாகர்தான், 2016இல் பெயர் மாறியது. எந்த ஃபீல்ட் எண், எது கட்டாயம், எதற்கு என்ன வரம்பு என்பதெல்லாம் கோடிலிருந்தே வந்துவிடுகிறது. பாராம் வரி எழுதும் வேலை மிச்சம். டாக்ஸ்ட்ரிங் விளக்கமாகப் போகிறது. நடுவில் ஃபார்ம்ஃபீட் என்ற கட்டுப்பாட்டு எழுத்தை வைத்தால் அதற்குக் கீழே உள்ளது வெளியே தெரியாது, உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கான குறிப்பை அங்கே வைக்கலாம். மிக நல்ல வசதி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த ஆவணம் ஆப் ஓடும்போது உருவாகிறது. ப்ரொடக்ஷனில் பைத்தானை மைனஸ் ஓஓ என்று ஓட்டினால் டாக்ஸ்ட்ரிங்குகள் கழற்றப்பட்டுவிடும், விளக்கங்கள் காலியாக வரும்.

ஆனால் டைப் ஹின்ட் சொல்வது உருவத்தைத்தான். 409 வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று எந்த டைப்பும் சொல்லாது. ஃபாஸ்ட்ஏபிஐக்கு மாறிய டீம்களில் டாக்ஸ்ட்ரிங் எழுதும் பழக்கமே நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். பக்கம் தானாகவே நிறைந்து காணப்படுவதால் எழுத எதுவும் பாக்கி இல்லை என்று தோன்றிவிடுகிறது. அங்கேயும் எங்கள் ஸ்டேட்டஸ் கோட் டெஸ்ட்டை மாற்றி எழுதிச் சேர்த்திருக்கிறேன், ரெஸ்பான்ஸஸ் என்று ரூட்டில் அறிவித்ததோடு ஒப்பிடுகிறது.

பைத்தானின் இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் வேலை செய்யும் ஆட்கள் கவனத்துக்கு: அட்மின்டாக்ஸ் என்று ஒன்று ஜாங்கோவோடு கூடவே வருகிறது. வியூ, மாடல் டாக்ஸ்ட்ரிங்குகளை எடுத்து அட்மினுக்குள்ளேயே காட்டும். டாக்யுடில்ஸ் என்ற லைப்ரரி மட்டும் நிறுவ வேண்டும். வெளியாருக்குக் கொடுக்க உதவாது, டீமுக்குள் போதும்.

இன்னும் கைக்கு அடங்காமல் இருப்பது வெப்ஹூக்குகள். ரிப்போர்ட் ரெடியானதும் கிளினிக்கின் முகவரிக்கு நாங்கள்தான் அழைப்பு அனுப்புகிறோம். அது எங்கள் ரூட் இல்லை என்பதால் யூஆர்எல் மேப்பில் கிடையாது. ஆட்டோஃபிளாஸ்க்குக்கு அது இருப்பதே தெரியாது. 2021இல் வந்த ஓபன்ஏபிஐ 3.1 வெப்ஹூக்குகளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது, ஃபாஸ்ட்ஏபிஐயும் அதை ஆதரிக்கிறது. பழைய ஃபிளாஸ்க் சர்வீஸில் இப்போதைக்கு, அழைப்பை அனுப்பும் ஃபங்ஷன்களுக்கு ஒரு டெக்கரேட்டர் போட்டு அதில் நிகழ்வின் பெயரைப் பதிவு செய்து, அந்தப் பதிவேட்டிலிருந்து ஆவணம் எடுக்கும் சின்ன ஸ்பிங்ஸ் நீட்சி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரேப்ஸை முதல் வரியிலேயே போட்டாயிற்று. ஃபிளாஸ்க்கில் இதை வேறு விதமாக யாராவது செய்திருந்தால், முக்கியமாக அனுப்பும் ஜேசனின் உருவத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று, எழுதுங்கள்.